நாகரிகம் எப்போது முடிகின்றது?

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



"நாகரிகத்தின் முடிவு" என்னுந் தலைப்பிலே பேசவேண்டுமென்று உங்கள் செயலாளர் எழுதியிருந்தார். விழாவுக்கு வந்த மக்களை அச்சுறுத்தவோ என்னை அழைக்கின்றார்கள் என்று முதலில் எண்ணினேன். பின்னர்தான் காரணம் விளங்கிற்று. சில வாரங்களுக்கு முன் இம்மன்றத்து விவாத மேடையிலே ஓர் இளைஞர், "கடல் பெருகிய அன்றே எங்கள் நாகரிகம் முடிந்துவிட்டது" என்றாராம். மற்றொருவர் மறுத்தாராம். வாதம் மண்டபத்திலே முடியாமல் வீதியிலும் நடந்ததாம். அதைத் தீர்த்துவைக்க நான் வந்தேனல்லேன். எந்த அழிவை நாகரிகத்தின் முடிவென்று சொல்லலாம், எதனை அவ்வாறு சொல்லலாகாது என்பதை நம்முடைய வாவிக் கரையிலே நின்றுகொண்டே கொஞ்சம் பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

நான் கண்ணாற் கண்டதிலிருந்து தொடங்குகின்றேன். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு சூறாவளி வந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் ஊர் படுவான்கரையிலே. நெல் மூடை அடுக்கிய அறைக்குள் எல்லோரும் ஒடுங்கியிருந்தோம். வெளியே மரம் முறிகின்ற ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. விடிந்து பார்த்தால், எங்கள் வளவிலிருந்து பார்க்க முடியாத அயலூர்க் கோயில் தெரிந்தது. இடையிலே நின்ற தென்னைகள் ஒன்றும் இல்லை! அந்தச் சூறாவளியிலே 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். பத்து இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். இம்மாவட்டத்திலே 28,000 ஏக்கர் தென்னையிற் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. நெற்களஞ்சியங்கள் 11இலே 9 அழிந்தன. மீன்பிடி வள்ளங்களில் ஐந்திலொன்று போயிற்று. கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்வதாயின் அன்று மட்டக்களப்பு முடிந்ததென்றே எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் அன்று காலை என் பாட்டி சொன்ன முதல் வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கின்றது. "அழுதுகொண்டு நிக்காம ஓலையக் கிழிச்சு ஊறப்போடுங்க. கிடுகு பின்னவேணும்." விழுந்து கிடந்த ஓலைக்குப் பஞ்சமில்லை. ஊரெல்லாம் கிடுகு பின்னிற்று. கிடுகு எப்படிப் பின்னுவது என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. வட்டை விதானை மறுநாளே வாய்க்கால் ஓரமாக நடந்து, எங்கெங்கே உடைப்பு என்று பார்த்துவந்தார். அவர் பின்னே முல்லைக்காரரும், அவர்கள் பின்னே மண்வெட்டியோடு வயற்காரரும் போயினர். (அடுத்த ஆண்டு ஓலைக்குப் பெரும் பஞ்சம் வந்தது. நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டு செல்லுமல்லவா? அதுவரை தேங்காய்ப் பால் இல்லாத கறியை நாங்கள் தின்ற கதை வேறு.)

அந்த வருடத்துக்கு அடுத்த வைகாசியிலே எங்கள் கண்ணகை அம்மன் கோயிற் கதவு திறந்தது. கூரை இல்லை; கிடுகுப் பந்தல்தான். வழக்குரை வாசிக்கப்பட்டது. குளிர்த்தியும் நடந்தது. சூறாவளி இரவிலே கட்டாடியார் ஏட்டுக் கட்டைத் தகரப் பெட்டியிலே வைத்துப் பூட்டி, விடியுமட்டும் அதன்மேல் அமர்ந்திருந்தாராம். ஏடு காற்றோடு போயிருந்தாலும் அவருக்குப் பாதிக்கு மேல் மனப்பாடம் என்று என் தந்தையார் சொல்வார். இந்தக் கடைசிச் செய்தியை மறவாதீர்கள். மீண்டும் இதற்கு வருவேன்.

இனி, 2004 டிசம்பர் 26ஆம் நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்வதற்கு நாத் தயங்குகின்றது. நாவலடியிலும் கல்லடியிலும் திருச்செந்தூரிலும் நடந்தது இங்கே பலருக்கு உறவினர் பெயர்களாகவே தெரியும். இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஒரு காலையிலே பிள்ளைகள் மூவரையும் இழந்த தாய்க்கு அந்தக் காலையே உலகத்தின் முடிவு. அவளிடம் போய், "அம்மா, நாகரிகம் பிழைத்துக்கொண்டது" என்று சொல்பவன் அறிவாளியாக இருக்கலாம், மனிதனாக இருக்கமாட்டான். ஆகையால் விவாத மேடையிலே பேசிய அந்தத் தம்பியை நான் கண்டிக்கவில்லை. அவர் சொன்ன சொல்லிலே துயரத்தின் அளவு இருந்தது. ஆனால் துயரத்தின் அளவு வேறு. நாம் இன்று கேட்கும் கேள்வி வேறு.

இலங்கைச் சரித்திரத்திலே, "நாகரிகத்தின் வீழ்ச்சி" என்று ஆராய்ச்சியாளர் உண்மையிலே பெயரிட்டு வழங்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது இராசரட்டையின் வீழ்ச்சி. நமக்கு அதிக தூரமில்லை. பொலன்னறுவை நம் மேற்கெல்லைக்கு அப்பால் இருக்கின்றது. 12ஆம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகு கடல்போன்ற குளங்கட்டி ஆண்ட நாடு, அடுத்த நூற்றாண்டு முடியுமுன் காடாகத் தொடங்கிற்று. இதற்குக் காரணம் பலவாகக் கூறுவர். பேராசிரியர் கா. இந்திரபாலா 1971இலே இது குறித்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஒரு நூலே வெளியிட்டார். 1215இலே படையெடுத்த கலிங்க மாகன் என்பார் சிலர். நுளம்பும் மலேரியாக் காய்ச்சலும் என்பார் சிலர். குளங்களைப் பராமரிக்கத் தெரிந்த அதிகாரிகளும் குடிகளும் சிதறியமையே என்பார் வேறு சிலர். எனக்கு மூன்றாவது கூட்டத்தார் சொல்வதிலே கவனம் அதிகம். ஏனென்றால் குளக்கட்டு ஒன்று உடைவது பெரிய காரியமன்று. மழைகாலந்தோறும் எங்காவது உடையத்தான் செய்யும். உடைப்பை யார் அடைப்பது, எத்தனை பேர் வரவேண்டும், வராதவனை யார் கேட்பது என்ற ஒழுங்கு போனால், அந்த ஓர் உடைப்பே கடைசி உடைப்பாகிவிடும்.

அதே அழிவிலே இன்னொன்றும் நடந்தது. அதுதான் எனக்கு வியப்பு. மாகனுடைய படைவீரர் ஏட்டுக் கட்டுகளின் கயிற்றை அறுத்து, ஏடுகளை அங்குமிங்கும் சிதறவிட்டனர் என்று சூளவமிசம் வருந்திச் சொல்கின்றது. அதே நூல், பின்னர் தம்பதெனியாவிலிருந்து ஆண்ட மூன்றாம் விசயபாகு, நினைவாற்றலும் எழுத்து வன்மையும் உடையவர்களைக் கூட்டி, போன நூல்களை மீள எழுதுவித்தான் என்றும் சொல்கின்றது. பாருங்கள்! அழிக்கப்பட்ட ஏடு சில ஆண்டுகளிலே திரும்பிவிட்டது. உடைந்த பெருங்குளமோ ஏறத்தாழ 700 ஆண்டுகள் காத்திருந்து, 20ஆம் நூற்றாண்டிலேதான் மீண்டும் நீர் நிறைந்தது. ஏடு திரும்பியது, அதனை நெஞ்சிலே சுமந்துகொண்டு ஓடக்கூடியவர் இருந்தபடியால். குளத்தை யார் சுமந்துகொண்டு ஓடுவது? அது ஊரார் ஓரிடத்திலே நின்று, வருடந்தோறும் சேர்ந்து செய்யும் வேலை. அவர்கள் இடம்பெயர்ந்தால் அந்த அறிவுக்கு வீடில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். எவ்வளவு அழிந்தது என்பது அளவுகோலன்று. அழிந்ததைத் திரும்பச் செய்யத் தெரிந்தவரும், அவரோடு சேர்ந்து செய்ய முன்வரும் அயலாரும் எஞ்சினார்களா என்பதே அளவுகோல். அவர்கள் எஞ்சினால் அது பேரிடர். எஞ்சாவிட்டால், ஒரு கூரை ஓடுகூட விழாமலிருந்தாலும், அது முடிவு.

இங்கே ஒரு செய்தியை இடையிலே சொல்லவேண்டும். சூளவமிசம் அழிவுகாரன் என்று பழிக்கின்ற அதே மாகனை நம்முடைய மட்டக்களப்பு மான்மியம் குடிகளுக்குக் கோயில் உரிமைகளையும் ஊழியங்களையும் வகுத்தவனாகப் போற்றுகின்றது. கொக்கட்டிச்சோலையிலும் திருக்கோவிலிலும் இன்றுவரை பேசப்படும் குடி வரிசைகளின் தொடக்கத்தை மரபு அவன்மேல் ஏற்றிச் சொல்லும். இரண்டு நூல்களில் எது மெய் என்று இன்றிரவு தீர்க்கப் புகுந்தால் நாளைக் காலையும் இங்கேதான் இருப்போம். நான் சொல்வது இவ்வளவே. பொலன்னறுவையிலிருந்து பார்த்தவனுக்கு முடிவாகத் தெரிந்த காலம், வாவிக் கரையிலிருந்து பார்த்தவனுக்குத் தொடக்கமாகத் தெரிந்திருக்கின்றது. எனவே "நாகரிகம் முடிந்தது" என்று ஒருவர் சொன்னால், யாருடையது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நம் பழைய உரையாசிரியர்களும் கடல்கோளைப் பற்றிச் சொல்லியிருக்கின்றனர். கடல் மதுரையைக் கொண்டதென்றும், பின் கபாடபுரத்தைக் கொண்டதென்றும், ஒவ்வொரு முறையும் பாண்டியர் வேறோர் ஊரிலே சங்கம் இருத்தினர் என்றும் இறையனார் களவியலுரை கூறும். அது வரலாறோ கதையோ, கதை கட்டியவர் கடல் கொண்டதோடு நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் நமக்கு முடிவே நேரவில்லையா? நேர்ந்திருக்கின்றது. அதை நமக்குக் காட்டியவர் காரைதீவிலே 1892இற் பிறந்து, கல்லடி உப்போடையிலே துயிலும் சுவாமி விபுலாநந்தர். யாழ் என்ற கருவி சங்க காலத்துப் பாணன் கையிலே இருந்தது. இளங்கோவடிகள் காலத்து அரங்கிலே இருந்தது. பேரியாழுக்கு நரம்பு 21 என்று உரையாசிரியர் எழுதிவைத்தார். பின்பு அது இல்லை. எந்த அரசன் யாழை எரித்தான்? எந்தப் புயல் அதனைக் கொண்டுபோயிற்று? ஒருவராலும் ஒரு தேதி சொல்ல முடியாது. எங்கோ ஒரு பாணன் மகன் தந்தையிடம் நரம்பு கட்டப் பழகவில்லை. அவனுக்கு வேறு நல்ல வேலை கிடைத்திருக்கலாம். அவனை நான் குறை சொல்லமாட்டேன். அவனைப்போல் இன்னும் பலர். அந்த நாளிலே ஊரிலே ஒரு சேவலும் கூவத் தவறியிராது.

சிலப்பதிகாரமும் அவ்வழியே போயிருக்கும். ஏடு சில நூற்றாண்டுதான் தாங்கும். அதற்குள் ஒருவர் பெயர்த்தெழுதாவிட்டால் போயிற்று. உ. வே. சாமிநாதையர் ஊரூராய் அலைந்து 1892இலே அதனை அச்சேற்றினார். சுவாமிகள் பிறந்ததும் அதே ஆண்டு! அந்த நூலின் அரங்கேற்று காதையையே கருவியாகக் கொண்டு, கணிதம் கற்ற மூளையாலே சுவாமிகள் பல்லாண்டு கணக்கிட்டு யாழ்நூலை ஆக்கினார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே அது அரங்கேறிற்று. ஜூலை 19ஆம் நாள் அவர் மறைந்தார். ஒரு மேதை தம் ஆயுளையே செலவிட்டு மீட்டது என்ன? கருவியின் வடிவும், சுருதிகளின் கணக்கும். பாணனுடைய விரல் எப்படி நடந்தது என்பதைக் கணக்கினால் மீட்க முடியவில்லை. அப்பனும் மகனுமாக ஒரு திண்ணையிலே சில ஆண்டு இருந்திருந்தால் செலவில்லாமல் நின்றிருக்கக் கூடியது அது.

இளைஞர்களே, இப்போது கட்டாடியாருடைய தகரப் பெட்டிக்குத் திரும்புகின்றேன். கண்ணகி வழக்குரையைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இலே பதிப்பித்தார். ஆகவே நூல் தப்பிற்று. இனி எந்தச் சூறாவளி வந்தாலும் அதற்கு ஆபத்தில்லை. ஆனால் வாசிக்கும் முறை அந்தப் புத்தகத்திலே இல்லை. எங்கே இழுப்பது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்திலே குரல் தழுதழுக்கும் என்பதெல்லாம் வாசிப்பவருடைய தொண்டையிலே இருக்கின்றது. கூத்தும் அப்படியே. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களிலே நம் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுபோய் நாடறியச் செய்தார். அது பெரிய தொண்டு. ஆனாலும் ஊரிலே சட்டங்கொடுத்து, மாதக்கணக்கிலே இரவிரவாகப் பழக்கி, சதங்கை கட்டி, அரங்கேற்றும் அண்ணாவியார் இல்லையென்றால், மேடைக்குக் கொண்டுபோக என்ன இருக்கும்?

யுத்த காலத்திலே படுவான்கரை ஊர்கள் எத்தனை முறை எழும்பி ஓடின என்பது உங்கள் தாய்மாருக்குத் தெரியும். ஓடியபோதும் சிலர் மத்தளத்தைச் சாக்கிலே கட்டிக்கொண்டு ஓடினர். திரும்பி வந்து அதே மத்தளத்துக்கு வார் பிடித்தனர். அதைக் கண்டவன் நான். ஆகவே குண்டும் புயலும் கடலும் செய்யாததை இப்போது வேறொன்று செய்துவிடுமோ என்றுதான் எனக்கு அச்சம். பிள்ளைகள் கட்டாருக்கும் கொழும்புக்கும் போகின்றார்கள். போகட்டும், வீடு கட்டவேண்டும், தங்கையைக் கரைசேர்க்கவேண்டும். போகவேண்டாமென்று சொல்ல எனக்கு யோக்கியதையில்லை. என் மகனும் அங்கேதான் இருக்கின்றான். போகுமுன் அவனை நான் ஒரு வைகாசியாவது கோயிலிலே இருத்தியிருக்கலாம். இருத்தவில்லை. பரீட்சை என்று சொன்னான். நானும் சரி என்றேன்.

எங்கள் ஊரிலே இன்று வழக்குரையை முறைப்படி வாசிக்கத் தெரிந்தவர் இருவர். ஒருவருக்கு நடமாட்டமில்லை. மற்றவர், அந்தத் தகரப் பெட்டிக்காரருடைய மருமகன். எழுபது கடந்தவர். என் அழைப்பை ஏற்று இன்று வந்து, முன் வரிசையிலே மூன்றாவது நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார். பெட்டியும் அவர் வீட்டிலேதான் இருக்கின்றது. வருகின்ற வைகாசிக்கு முன் பக்கத்திலிருந்து பழக இரண்டு பிள்ளைகள் வேண்டுமென்று கேட்டார். ஒருவர் பெயர் கொடுத்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் மற்றவர் அவரைப் போய்க் காணலாம். ஆனால் படுவான்கரைக்குக் கடைசி பஸ்ஸை அவர் பிடிக்கவேண்டுமாம். சற்றுமுன்னே என்னைப் பார்த்துக் கையைத் திருப்பிக் காட்டினார். ஆதலால் நான் இத்துடன் அமர்கின்றேன்.