நேர்ச்சாலை யாருக்காக?

கட்டடக்கலை வரலாறு என்றதும் நாம் கோபுரத்தையும் தூணையும்தான் அண்ணாந்து பார்க்கிறோம். இன்று ரோம் நகரின் சாலையையும் தண்ணீரையும் கொஞ்சம் பார்ப்போமே.

பழைய ரோமில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். தொலைவிலிருந்து கல்வளைவுகளின் மேல் ஓடிவந்த கால்வாய் நீர்தான் அந்த ஊருக்கு உயிர். கி.பி. 537இல் நகரை முற்றுகையிட்ட கோத்தியர்கள் அந்தக் கால்வாய்களைத் துண்டித்தார்கள். குன்றுகளில் இருந்தவர்கள் தண்ணீரைத் தேடி டைபர் ஆற்றோரம் இறங்கினார்கள். பல நூற்றாண்டுகள் அந்த ஆற்று வளைவிலேயே நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். மேட்டில் திராட்சைத் தோட்டங்களும் இடிபாடுகளும்தான் மிச்சம்.

1585இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் போப்பாண்டவர் ஆனார். பதவியில் இருந்தது ஐந்தே ஆண்டுகள். அதற்குள் பெரிய தேவாலயங்களை நேர்ச்சாலைகளால் இணைக்கத் தொடங்கினார். தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி நான்கு இடங்களில் பழைய கல்தூண்களை நிறுத்தினார். புனித பீட்டர் ஆலயத்தின் முன் நிற்கும் எகிப்தியத் தூண் 25 மீட்டர் உயரம், 300 டன்னுக்கு மேல் எடை. 1586இல் டொமினிகோ ஃபொண்டானா என்ற பொறியாளர் சுமார் 900 ஆட்களையும் குதிரைகளையும் வைத்து அதை நகர்த்தி நிறுத்தினார். மோட்டார் கிரேன் எல்லாம் கனவிலும் இல்லாத காலம்! நேர்ச்சாலை, அதன் முடிவில் ஒரு சின்னம் என்ற இந்த முறையைத்தான் பின்னால் வந்த பரோக் நகரங்கள் பிடித்துக்கொண்டன.

எல்லாரும் தூணைத்தான் புகழ்வார்கள். என்னைக் கேட்டால், குன்றுகளுக்கு அவர் கொண்டுவந்த ‘அக்குவா ஃபெலிச்சே’ கால்வாய்தான் பெரிய காரியம். தண்ணீர் இல்லாமல் சாலை மட்டும் போட்டிருந்தால் யாத்திரிகர்கள் நடந்து போயிருப்பார்கள், யார் குடியேறியிருப்பார்கள்? மனிதர் சாதுவும் அல்லர். செப்டிசோடியம் என்ற பழைய ரோமானியக் கட்டடத்தை இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டார்.

அடுத்த நூற்றாண்டில் பெர்னினி வந்தார். 1656 முதல் 1667 வரை, 284 தூண்களால் இரு கைகள் அணைப்பதுபோல் ஆலயச் சதுக்கத்தைக் கட்டினார். முன்பக்கத்தை மறைக்க மூன்றாவது கை ஒன்றையும் வரைந்து வைத்தார். அது கட்டப்படவே இல்லை. ஆனாலும் எதிரே நெருக்கமான வீடுகள் இருந்தன. சந்துகளில் நடந்து வருபவர் முன்னால் சதுக்கம் திடீரென்று விரியும்.

1936இல் முசோலினி அரசு அந்த வீடுகளை இடிக்கத் தொடங்கியது. 1950இல் அகலமான நேர்ச்சாலை முடிந்தது. இப்போது ஆற்றங்கரைப் பக்கமிருந்தே ஆலயம் முழுதாகத் தெரிகிறது. எங்களைப் போன்ற கேமராக்காரர்களுக்கு இது கொண்டாட்டம்தான். அங்கே குடியிருந்தவர்களோ நகரின் ஓரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். சிக்ஸ்துஸின் சாலை ஆளில்லாத மேட்டுக்கு ஆட்களைக் கொண்டுவந்தது. இந்தச் சாலை இருந்தவர்களையும் கிளப்பியது.

ரோமுக்குப் போகிற நேயர்கள் அந்த அகலச் சாலையில் போகாதீர்கள். அதற்கு வடக்கே ‘போர்கோ பியோ’ என்ற பழைய தெரு இன்னும் இருக்கிறது. அதில் நடந்து, தூண்களுக்கு இடையே சதுக்கத்துக்குள் நுழைந்து பாருங்கள்.