மலையூர் வாக்குச்சாவடி



ஏற்காட்டுக்கு வருகின்றவர்கள் பெரும்பாலும் ஏரியைப் பார்ப்பார்கள். காப்பித் தோட்டங்களின் நிழலில் சற்று உலாவுவார்கள். பின்னர் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தப் பாதையை விட்டு விலகிச் சேர்வராயன் மலையின் உட்புறம் சென்றால், மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்களின் சிற்றூர்களைக் காணலாம். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டா. மலையில் வாழ்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. முப்பது நாற்பது வீடுகளே கொண்ட அத்தகைய ஊரில் தேர்தல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், அதைக் குறித்து என் நெஞ்சை இன்றளவும் உறுத்திவரும் ஒரு செய்தியையும் சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் தேர்தலை நடத்துவது அரசாங்கம் அன்று. அரசியல் சட்டத்தின் 324-ஆம் பிரிவு அப்பொறுப்பைத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. ஆணையம் 1950 ஜனவரி 25-ஆம் நாள், குடியரசு பிறப்பதற்கு முந்தின நாளில், தோன்றியது. அதன் தலைமை ஆணையரை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குகின்ற முறையிலன்றி எளிதில் நீக்கிவிட இயலாது. ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி 2023-இல் வந்த சட்டத்தைக் குறித்து வாதங்கள் உண்டு. அவை என் பேச்சின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

இத்தகைய ஆணையத்துக்குச் சொந்தமான பணியாளர் மிகச் சிலரே. ஊர்தோறும் சாவடி அமைத்து உட்காருகிறவர்கள் எல்லாரும் கடனாகப் பெற்றவர்கள். ஆணையம் கேட்கும் பணியாளர்களைக் குடியரசுத் தலைவரும் ஆளுநர்களும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அறிவிக்கை வெளியானது முதல் முடிவு அறிவிக்கப்படும் வரை அவர்கள் ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள். நேற்று வரை கரும்பலகை முன் நின்ற ஆசிரியர், இன்று எந்த அமைச்சருக்கும் கட்டுப்படாதவர்! எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இப்பணி சுமையாகத் தோன்றுவதுண்டு, எனக்கும் தோன்றியதுண்டு. ஆயினும் சுதந்திரமான ஆணையம் என்பதன் கடைசி நுனி, மலையூரில் மண்ணெண்ணெய் விளக்கடியில் முத்திரை அரக்கு உருக்கிக்கொண்டிருக்கும் அந்த ஆசிரியர்தாம்.

இவ்வாணையம் தன் முதற்பணியைத் தொடங்கியதும் ஒரு மலையில்தான். 1951 அக்டோபர் 25-ஆம் நாள் இமாசலப் பிரதேசத்தின் சினி வட்டத்தில் முதல் வாக்குகள் பதிவாயின. பனி மூடிவிட்டால் கணவாய்களைக் கடக்க முடியாது என்பதால், நாட்டின் பெரும்பகுதிக்கு முன்னரே அம்மக்களுக்கு வாக்களிப்பு நடத்தினார், முதல் தலைமை ஆணையர் சுகுமார் சென். இன்று அதே மாநிலத்தின் தாஷிகங் என்னும் ஊரில், 15,256 அடி உயரத்தில், வாக்குச்சாவடி இயங்குகிறது.

நம் சேலம் மாவட்டமும் தேர்தல் வரலாற்றில் ஓரிடம் பெற்றிருக்கிறது. அந்நாளில் நாமக்கல் இம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அத்தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி என்பவர் தொடுத்த வழக்கில், தேர்தல் தொடங்கியபின் நீதிமன்றம் இடையில் புகுதல் ஆகாது, குறையிருப்பின் தேர்தல் முடிந்தபிறகே மனுவாகக் கொண்டுவர வேண்டும் என 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேரலாகாது என்பது ஆணையத்தின் பொதுவிதி. வாக்காளர் சாவடிக்கு நடப்பதைவிடச் சாவடி வாக்காளரிடம் நடப்பதே முறை என்பது இதன் கருத்து. அதனால்தான் சாலையில்லாத போதமலைக்கு அலுவலர்கள் இயந்திரங்களைத் தலைச்சுமையாகக் கொண்டு ஏறினார்கள். தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குக் கழுதைகள் அவற்றைச் சுமந்து சென்றன. சேர்வராயன் மலையில் அவ்வளவு துன்பம் இல்லை. ஜீப் பெரும்பாலும் போய்விடும். மீதியை நடந்து தீர்க்கலாம்.

2001-ஆம் ஆண்டு மே மாதம். தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் வாக்குப்பெட்டிக்கு மாற்றாக மின்னணு இயந்திரம் வந்த முதல் முறை அது. மலையடிவாரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியனாக இருந்த என்னை, எனக்கு வாக்கில்லாத ஏற்காடு தொகுதிக்கு, சாவடித் தலைமை அலுவலராக அனுப்பினார்கள். அது பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. நானும் உடன் வந்த அலுவலர்களும் முதல்நாள் மாலையே ஓரறைப் பள்ளிக்கூடத்தில் இறங்கினோம். ஊர்க்கவுண்டர் பலாப்பழம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். ஊரார் விருந்தை ஏற்றால் நடுநிலைக்கு இழுக்கு என்று அஞ்சித் திருப்பி அனுப்பிவிட்டேன். பலாவின் மணம் மட்டும் இரவு முழுதும் அறையை விட்டுப் போகவில்லை.

விடிந்ததும் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, இயந்திரத்தில் ஒன்றுமில்லை என்று காட்டித் தாள் முத்திரை வைத்தோம். வரிசையில் முதலாவதாக நின்றவர் ஒரு மூதாட்டி. விரலில் மை வைத்ததும் மறைப்புக்குள் சென்றார், பொத்தானை அழுத்தினார், நீண்ட ஒலி எழுந்தது. அவர் திடுக்கிட்டு வெளியே வந்து, "வாத்தியாரய்யா, இது சத்தம் போடுதே! நான் யாருக்குப் போட்டேன்னு வெளியே சொல்லிடுமா?" என்று கேட்டார். "சொல்லாதம்மா. சீட்டுப் பெட்டியைப் போலவே இதற்கும் வாயில்லை" என்றேன்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், பேரனைப் பள்ளியில் சேர்க்க ஊர்க்கவுண்டர் என்னிடம் வந்தார். பேச்சோடு பேச்சாக ஒரு செய்தி சொன்னார். சாலை போட்டுத் தருவதாகச் சொன்ன வேட்பாளருக்கே ஊர் ஒருமிக்க வாக்களிப்பதென்று முன்பே பேசி வைத்திருந்தார்களாம். வாக்கு எண்ணிய பின் கட்சிக்காரர் ஒருவர் தாளோடு மலையேறி வந்து, "உங்கள் ஊரில் பதினொரு வாக்குக் குறைகிறது, யார் அந்தப் பதினொரு பேர்?" என்று கேட்டாராம். ஊரில் ஐயம் கிளம்பியது. இரண்டு குடும்பங்களை அவ்வாண்டு காப்பிப் பழம் பறிக்கும் வேலைக்கு ஒருவரும் அழைக்கவில்லை.

இயந்திரம் கிழவியைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஊரைக் காட்டிக்கொடுத்தது. ஆயிரம் பேர் வாக்களிக்கும் நகரச் சாவடியில் பதினொருவர் மறைந்துவிடுவர். நூற்றுச் சொச்சம் பேர் வாக்களிக்கும் மலைச்சாவடியில் அவர்கள் எங்கே மறைவது? சாவடியை மக்களின் வாசலுக்கு எவ்வளவு அருகே கொண்டுபோகிறோமோ, அவ்வளவுக்கு இரகசியம் மெலிகிறது. ஆணையத்தின் நற்செயலிலிருந்தே கிளைத்த கேடு இது.

வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்கு ஒரு பரிகாரம் இருந்தது. அச்சுறுத்தலுக்கு இடமுண்டு என ஆணையம் கருதினால், எல்லாப் பெட்டிகளின் சீட்டுகளையும் கலந்து எண்ணுமாறு ஆணையிட விதிகளில் வழியுண்டு. இயந்திரங்கள் தனித்தனியே கணக்குச் சொல்வதால் அவ்வழி அடைபட்டது. ஏறத்தாழப் பதினான்கு சாவடிகளின் இயந்திரங்களை ஒன்றாய் இணைத்து மொத்தத் தொகையை மட்டும் காட்டும் கருவி ஒன்றை ஏற்கலாம் என ஆணையமே 2008-இல் மத்திய அரசுக்கு எழுதியது. சட்ட ஆணையமும் 2015-இல் அளித்த 255-ஆம் அறிக்கையில் அதை ஆதரித்தது. அரசு உடன்படவில்லை. தேர்தலை நடத்துவதில் ஆணையம் சுதந்திரமானது. தேர்தல் விதிகளைத் திருத்தும் அதிகாரமோ அதனிடம் இல்லை.

சாவடிவாரிக் கணக்கு இருந்தால்தான் மோசடியைக் கண்டுபிடிக்க முடியும் என்று மறுப்பவர்கள் உண்டு. முகவர் கையிலுள்ள கணக்கோடு ஒப்பிட அது வேண்டும் என்பது மெய்யே. அதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. எனினும், அந்தச் சாவடியில் எத்தனை பேர் வாக்களித்தனர் என்ற தொகையை ஒப்பிட்டால் போதாதா? யாருக்கு எத்தனை என்பதையும் ஊர் பெயரோடு உலகுக்கு வெளியிடத்தான் வேண்டுமா? குறைந்தபட்சம் மலையூர்களின் சிறு சாவடிகளுக்கேனும் கலந்தெண்ணும் முறை மீள வேண்டும் என்பது என் துணிபு.

அன்று ஊர்க்கவுண்டர் விடைபெறும்போது அந்த மூதாட்டியைப் பற்றி விசாரித்தேன். அவர் சிரித்தார்.

"அவளைத்தான் முதலில் கேட்டோம் ஐயா. பெட்டிக்கு வாயில்லைன்னு வாத்தியாரு சொல்லியிருக்காரு, நான் மட்டும் எதுக்கு வாயைத் திறக்கணும்னு போய்விட்டாள்" என்றார்.