வீரமும் ஈரமும்

(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

எமக்கு அளிக்கப்பட்ட பொருள் "போற்றுதற்குரிய பெண்மணிகள்" என்பது. திலகவதியாரை நினைந்து தொடங்குகின்றோம். பெற்றோரை இழந்து, தமக்கென மணம் பேசப்பட்டவரையும் போர்க்களத்திற் பறிகொடுத்த அவ்வம்மையார், தம்பி ஒருவருக்காகவே உயிர் தாங்கினார். அத்தம்பியே நாம் அப்பர் என்று வணங்கும் திருநாவுக்கரசர். உயிரைக் கொடுப்பது மட்டுமன்று, பிறருக்காக உயிரோடு இருப்பதும் வீரமே என்று காட்டியவர் அவர். அவருடைய வீரத்துக்கு வேர் ஈரம். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த சிலரைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

முதலில் எமது திருகோணமலை அம்மையார். சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று 1913ஆம் ஆண்டு மருதனார்மடத்தில் கல்லூரி எழுப்பினார் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் பெரும் செல்வர். சட்டசபையிலே செல்வாக்குள்ளவர். பத்தாண்டு கழித்து, 1923இல், கோணேசர் நகரிலும் அப்படியொரு கல்விக்கூடம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர் பட்டமோ பதவியோ உடைய ஆடவர் அல்லர்; திருமதி தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற ஒரு பெண்மணி. அதுவே இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. அப்போது இந்நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் வாக்குரிமை கூடக் கிடையாது. பெண் எழுதப் படிக்கத் தெரிந்தால் எவருக்குக் கடிதம் எழுதுவாளோ என்று அஞ்சிய வீடுகள் பல இருந்த காலம். அக்காலத்தில் ஊரார் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக எண்ணினார் அம்மையார். நூறாண்டு கடந்தும் அக்கல்லூரியின் மணி ஒலிக்கின்றது. நிலாவெளியிலிருந்து ஏறக்குறைய பத்து மைல் பஸ்ஸிலே சென்று அங்கு படித்துத் திரும்பிய அக்காமார் இச்சபையிலும் இருக்கின்றனர்.

நாம் படித்தது மிஷன் பாடசாலையில். அதை ஒளிக்க வேண்டியதில்லை, நன்றியுடன் சொல்லுகின்றோம். நெற்றியில் திருநீற்றோடு சென்று, அங்கு கற்ற கல்வியோடு இன்று உங்கள் முன் நிற்கின்றோம். ஆகவே வேற்று மதத்தில் பிறந்த ஒரு தாயையும் நினைவுகூர்வது எமது கடன். கனடாவிலே பிறந்த மருத்துவர் மேரி இரத்தினம் அம்மையார் 1896இல் இலங்கைக்கு வந்தார். தமிழர் ஒருவரைக் கணவராக ஏற்றார். அக்காரணத்தால் மிஷன் வைத்தியப் பணி அவருக்குக் கைநழுவியது. அவர் கலங்கித் திரும்பிவிடவில்லை. கொழும்பிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் செய்தார். கிராமத்துப் பெண்கள் கூடித் தம் நலத்தைத் தாமே பேணிக்கொள்ள லங்கா மகிளா சமிதியை நிறுவினார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களுள் அவரும் ஒருவர். 1931இல் இருபத்தொரு வயது நிரம்பிய பெண்கள் யாவருக்கும் அவ்வுரிமை கிடைத்தது. செல்வம் கொழிக்கும் சுவிற்சர்லாந்து தேசம் தன் பெண்களுக்கு நாடளாவிய தேர்தலில் வாக்களிக்க இடமளித்தது 1971இலேதான் என்பதை எண்ணிப் பாருங்கள்! 1958இல் மக்சாசே விருது பெற்ற அவர், 1962இல் மறையும்போது இம்மண்ணின் மகளாகவே மறைந்தார்.

மூன்றாமவரும் ஒரு தங்கம்மா. சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையாரின் குரலைக் கேட்டவர்கள் இங்கு பலர் இருப்பீர்கள். 1925இல் பிறந்து, ஆசிரியையாகப் பணியாற்றி, பின்பு தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைமையை ஏற்றவர். ஒரு கோயிலை ஒரு பெண் நிருவகிப்பதா என்ற கேள்விக்கு அவர் வாயால் விடை கூறவில்லை, செயலால் கூறினார். கோபுரத்தை மட்டும் உயர்த்தி அவர் அமையவில்லை. ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை அமைத்தார். யுத்தம் பெற்றோரைப் பிரித்த நாட்களில் அங்கே எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் கிடைத்தன. 2008இல் அவர் மறைந்தபோது தாயற்றவர்கள் மறுபடியும் தாயை இழந்தார்கள்.

இனி நூலிலே பெயர் எழுதப்படாதவர்களிடம் வருவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, பௌர்ணமி நாள். கடல் இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது; நிலாவெளிக் கரையையும் விடவில்லை. அன்று நாம் மடியிற் கிடந்த குழந்தைகள், எதுவும் நினைவில்லை. ஆனால் எமது ஒழுங்கையிலே ஒரு பெரியம்மாவைப் பார்த்தே வளர்ந்தோம். தாம் பெற்ற இருவரையும் அலைக்குக் கொடுத்தவர். அந்த மாதமே, அநாதையாகி நின்ற அயல்வீட்டுச் சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "எப்படிப் பெரியம்மா மனம் வந்தது?" என்று ஒருநாள் கேட்டோம். அவர் மீன் வெட்டிய கையை நிறுத்தவில்லை. "பாயில இடம் இருந்துது மோனே, பிள்ளை வெளியில நிண்டுது" என்றார். அவ்வளவுதான். அச்சிறுமி இன்று ஓர் ஆசிரியை.

கணவரை இழந்து தனித்து நின்று குடும்பம் தாங்கிய தாய்மாரும், பாலைவன நாடுகளிலே பிறர் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வளர்த்து எம்மைப் படிக்கவைத்த தாய்மாரும் இவ்வூரில் உண்டு. பல்கலைக்கழகத்தில் நாம் அணியும் சட்டையில் அவர்கள் வியர்வை இருக்கின்றது.

பெரியோர்களே, ஒன்று சொன்னால் பொறுத்தருள வேண்டும். நாம் இங்கு பெண்மையைப் புகழ்ந்துகொண்டிருக்கும் இந்நேரத்தில், உங்களுக்காக உணவு சமைத்த தாய்மார் பின்பக்கத்துக் கொட்டிலிலே அடுப்படியில் நிற்கின்றனர். இவ்வுரை அவர்கள் காதில் விழவில்லை. எமது செயற்குழுப் பட்டியலையும் பார்த்தோம். அதில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. குற்றம் சாட்டவில்லை. நாமும் இம்மன்றத்தவரே, எமது தவறும் இதில் உண்டு. கைதட்டி விடுவதால் மட்டும் போற்றுதல் ஆகிவிடுமா?

ஆகவே இரு வேண்டுகோள்கள். அடுத்த ஆண்டுச் செயற்குழுவிலே பெண்கள் சரிபாதியாக அமரட்டும். இம்மண்டபத்திலே பெண்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பொன்று தொடங்கட்டும். கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க விடுமுறைதோறும் நாம் வருவோம். இருட்டிவிட்டால் பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விடுவது இளைஞர்களாகிய எமது பொறுப்பு.

அடுத்த விழாவிலே சமையலை நாம் ஏற்போம். சோறு சற்றுக் குழைந்தாலும் குழையட்டும்! தாய்மார் முன்வரிசையில் அமர்ந்து, எமது புகழுரையை அல்ல, தம் கதையைத் தாமே இம்மேடையில் சொல்லட்டும், நாம் கேட்போம்.