எலும்பு கூடுவது யார் கையில்?

(கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசவே நமக்கு நேரம் போதுவதில்லை. இன்று கால் முறிந்தவர்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். மழை பெய்த மறுநாள் மேட்டிலிருந்து பால் வாளியோடு இறங்கியவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

நம் அங்கத்தினர் ஒருவர் அப்படித்தான் சறுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் முறையாக மாவுக்கட்டுப் போட்டார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏழாவது வாரமே அவர் மரம் வெட்டப் போய்விட்டார். ஏன் என்று கேட்டோம். வீட்டில் அரிசி இல்லை என்றார். மணிக்கட்டு எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடலாம். கீழ்க்கால் எலும்போ நான்கு மாதமும் கேட்கும், அதற்கு மேலும் கேட்கும். கூடாத எலும்பின்மேல் பாரம் ஏறியது. மறுபடியும் ஆபரேஷன், மறுபடியும் படுக்கை.

ஆகவே, டாக்டர் கட்டுப் போட்டதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை என்பதை நாம் உணர வேண்டும்.

விழுந்த இடத்திலேயே பாதி காரியம் இருக்கிறது. காலை இழுத்து உருவிவிடுவது நம்மிடையே உள்ள பழைய பழக்கம், அதை விட்டொழிப்போம். இரண்டு பக்கமும் கட்டை வைத்து, அசையாமல் தூக்கிச் செல்வோம். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடினால் போதும். மஞ்சளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கிருமியைக் கொல்லும் ஊசி எவ்வளவு சீக்கிரம் போடப்படுகிறதோ அவ்வளவு நல்லது. எலும்புக்குள் சீழ் பிடித்தால் வருஷக் கணக்கில் அவதி. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவது அதைவிட ஆபத்து. கால் வீங்க வீங்க, கட்டு இரத்தத்தை நெரிக்கும். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். விரல் மரத்து, தாங்கமுடியாத வலி எடுத்தால், அது மாவுக்கட்டாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பிறகு புகையிலை. சிகரெட்டுப் பிடிப்பவருக்கு இரத்தக் குழாய் சுருங்கி எலும்பு மெதுவாகத்தான் கூடுகிறது. இதைச் சொன்னால் நம்மில் பலருக்குக் கோபம் வரும், வரட்டும். நீரிழிவுள்ளவர் சர்க்கரையை அடக்காவிட்டால் புண் ஆறாது. முட்டை, பருப்பு, நெத்திலி இவை படுத்திருப்பவரின் தட்டுக்கு முதலில் போகட்டும்.

கட்டுக்குள் கால் சும்மா கிடந்தால் தசை வற்றும், மூட்டு இறுகும். சொல்லிக் கொடுத்த பயிற்சியை வலித்தாலும் செய்ய வேண்டும். நம் வீட்டுப் பாட்டிமார் இடுப்பு எலும்பு முறிந்து விழுந்தால், "வயதாகிவிட்டது, கிடக்கட்டும்" என்கிறோம். அது தவறு. சீக்கிரம் ஆபரேஷன் செய்து, மறுநாளே எழுப்பி நிறுத்துவதுதான் இன்றைய வைத்திய முறை. படுக்கையிலேயே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும். உயிரை வாங்குவது பெரும்பாலும் இவைதான்.

இனி அந்த அரிசி விஷயத்துக்கு வருவோம். 1971-இல் அமலுக்கு வந்த சொக்சோ திட்டம் நமக்கு இருக்கிறது. வேலையில் அடிபட்டு நான்கு நாளாவது மருத்துவ விடுப்புக் கிடைத்தால், கணக்கிடப்படும் நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு உண்டு. வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் விழுந்தாலும் உண்டு. 2019 முதல், முறையான அனுமதியோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் அறிவிக்க வேண்டும். நம் தோழர் விஷயத்தில் அறிவிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. நாமும் கவனிக்கவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொன்று. டாக்டர் "லேசான வேலை" என்று எழுதிக் கொடுக்கிறார். தோட்டத்தில் லேசான வேலை எது? மேடு ஏறக்கூடாது, வாளி தூக்கக்கூடாது என்று விவரமாக எழுதித் தரும்படி கேளுங்கள். அந்தத் துண்டைக் காட்டித்தான் கன்று மேடையில் உட்கார்ந்து மண் நிரப்பும் வேலையை அவருக்குக் கேட்டு வாங்கினோம்.

இப்போது விடுப்பில் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரைப் பாருங்கள். விடுப்புத் துண்டுகளைக் கையோடு கொண்டு வாருங்கள்.