அம்பின் ஆற்றலும் ஆராய்ச்சியும்
(நமது சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய அன்பர் நம் முன்னோரின் வில்லாண்மையைப் புகழ்ந்துரைத்தார். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்த செய்தியையும் எடுத்துக் காட்டினார். அப்பொழுது மாணாக்கன் ஒருவன், "ஓர் அம்பு அவ்வளவும் துளைக்குமா?" என்று வினவினான். பெரியவர் ஒருவர் அவனை அதட்டி அமர்த்தினார். அவ்வினா அதட்டற்குரியதன்று என்பதே என் கருத்து.

வாலியின் வலிமையை அறிந்த சுக்கிரீவன் இராமனது வில்லாற்றலில் ஐயங்கொண்டான். மராமரங்கள் ஏழனுள் ஒன்றையேனும் துளைத்துக் காட்ட வேண்டினான். இராமன் வெகுண்டானா? முறுவல் செய்தான் என்கிறார் கம்பர். பின்னர் ஏழு மரங்களையும் ஓரம்பினால் துளைத்தான். உண்மை ஆற்றலுடையார் சோதனைக்கு அஞ்சார்.

ஆங்கிலேயர் செய்த ஒரு சோதனையையும் கேளுங்கள். 1415-ஆம் ஆண்டு அஜின்கோர்ட் போரில் அவர்தம் நெடுவில்லாளர் பிரெஞ்சுப் படையை வென்றனர். அவர்கள் அம்பு இரும்புக் கவசத்தையும் ஊடுருவியது என்று பலரும் நம்பி வந்தனர். அந்நாளைய வில் ஒன்றும் எஞ்சவில்லை. எனினும், 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொணரப்பெற்ற 'மேரி ரோஸ்' என்னும் கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட விற்கள் கிடைத்தன. அவற்றை நாணிழுக்க ஏறக்குறைய 100 முதல் 185 பவுண்டு வரை விசை வேண்டும் என்று அறிஞர் கணித்தனர்.

2019-இல் அந்நாட்டுக் கைவினைஞரும் அறிஞரும் கூடி, 160 பவுண்டு வில்லால், சுமார் 80 கிராம் எடையுள்ள அம்புகளை, பழைய முறைப்படி செய்த மார்புக் கவசத்தின்மீது 25 மீட்டர் தொலைவிலிருந்து எய்வித்தனர். அம்பு நொடிக்கு ஏறத்தாழ 55 மீட்டர் விரைந்தது. ஆயினும் மார்புத் தகட்டை ஒன்றும் ஊடுருவவில்லை! வளைந்த தகடு அம்பை வழுக்கி விலக்கியது. தாக்கிய அம்புகள் சிதறின. தகடு மறையாத இடத்தில் இரும்பு வளையச் சட்டையை அம்பு துளைத்துச் சென்றது.

இதனால் அவ்வீரர் புகழ் குன்றியதா? இல்லை. தகட்டின் விளிம்பும், கழுத்தும், குதிரைகளும், சேற்று நிலமுமே அம்புக்கு வாய்ப்பளித்தன என்பது முன்னினும் தெளிவாயிற்று. அம்பின் எடை, விரைவு, முனையின் வடிவு, தாக்கும் கோணம், எதிர்ப்படும் பொருளின் வன்மை ஆகிய இவையனைத்தும் சேர்ந்தே துளைக்கும் ஆற்றலை உறுதி செய்கின்றன. இவற்றுள் ஒன்றை விடுத்து மென்பலகையில் எய்து பெருமை பேசுதல் சோதனையாகாது.

அன்பர்களே! நம் குலப் பெருமைக்கும் இது பொருந்தும். நமக்குள்ளே பேசி நாமே கைதட்டும் புகழ், மென்பலகையில் தைத்த அம்பே. பிள்ளைகள் வினவட்டும், பாட்டைக் கவிதையாகச் சுவைக்கவும், செய்தியை அளந்தறியவும் பழகட்டும்.

ஓரியைப் பாடிய வன்பரணர் மற்றொன்றும் சொல்கிறார். தன் பெயரைப் பிறர் புகழக் கேட்டபொழுது அவ்வள்ளல் நாணினானாம். பின் இரவலர்க்கு ஊனும் பொன்னும் வாரி வழங்கினானாம். துளைத்த அம்பை நினைவில் வைத்த நாம், அந்த நாணத்தையும் ஈகையையும் மறவாதிருப்போமாக.