மாடு வாங்கும் முன்னே மண்ணைப் பார்ப்போம்



தோட்டப்புறத்தில் மாடு என்பது நம் வீட்டுப் பெண்களின் சேமிப்பு. பால்மரம் வெட்டித் திரும்பியதும் புல்லறுத்துப் போட்டு, கறந்த பாலை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் நம்மிடையே பல. லயத்தின் பின்னால் கொட்டகை போட, நிர்வாகி வாயால் சம்மதித்தால் போதும் என்றிருந்தோம். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தபோது அந்த வாய்ச்சொல் கைகொடுக்கவில்லை. மாட்டை வந்த விலைக்கு விற்றவர்கள் உண்டு. ஆகவே, மூன்று கேள்விகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்வோம்.

முதலாவது, நிலம் யாருடையது? தோட்ட நிலமானால் அனுமதியை எழுத்தில் வாங்குவோம். அரசாங்க நிலமானால், டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிமம் வேண்டும். எந்த மாதத்தில் எடுத்தாலும் அது அவ்வாண்டு டிசம்பர் 31-க்கு மேல் செல்லாது, புதுப்பிக்க வேண்டும். அதை விற்கவும் முடியாது. பெற்றவர் இறந்தால் பிள்ளைகளுக்குத் தானாகச் சேரவும் சேராது.

இரண்டாவது, நிலம் எந்த வகை? தீபகற்ப மலேசியாவில் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் விவசாயம், கட்டடம், தொழில் என மூன்று வகைகளைச் சொல்கிறது. கிராந்தில் 'பெர்த்தானியான்' என்றிருந்தால் அது விவசாய நிலம். கால்நடை வளர்ப்பும் விவசாயத்தில் அடங்கும். ஆனால் இன்ன பயிருக்கு மட்டும் என்று தனி நிபந்தனை எழுதியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 'பங்குனான்' என்றிருந்தால் அது கட்டட நிலம். தாமான் வீடுகள் இவ்வகையே. மாட்டுக் கொட்டகைக்கு உரியவையல்ல. நிபந்தனையை மீறினால், நிலத்தையே அரசாங்கம் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. நில வகையை மாற்ற விரும்பும் உரிமையாளர், நில அலுவலகத்தின் வழி மாநில அரசுக்கு விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது, நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றம் என்ன சொல்கிறது? விவசாய நிலம் என்பது மட்டும் போதாது. கொட்டகை கட்டவும் கால்நடை வைத்திருக்கவும் அங்கே அனுமதி தேவைப்படலாம். சாணம் கால்வாயில் கலப்பதும், மாடு சாலையில் திரிவதும் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லைதானே! நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. மன்றத்துக்கு மன்றம் விதிகளும் வேறுபடும். பேராக்கில் இருக்கும் மாமா சொன்னார் என்று சிலாங்கூரில் கொட்டகை போட்டுவிடக் கூடாது.

எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையை உடன் அழைத்துச் செல்வோம். கிராந்தின் நகலைக் காட்டிக் கேட்போம். கிடைக்கும் கடிதங்களையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துவோம். மாட்டுக்குக் கயிறு எவ்வளவு அவசியமோ, நமக்குக் காகிதம் அவ்வளவு அவசியம்.