சாவா மூவாப் பேராடு: பள்ளிமடத்துப் பள்ளிப்படை



மறைந்த ஒருவர் பெயரில் இந்தச் சிவகாசி அறக்கட்டளையில் ஒரு தொகையைப் போட்டு, முதல் கெடாமல் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஒரு பேச்சு நடத்துகிறோம். இந்த வழக்கத்தின் வேரைத் தேடி நான் தொலைதூரம் போகவில்லை. அருப்புக்கோட்டையைத் தாண்டினால் திருச்சுழி. அதையடுத்துக் குண்டாற்றங்கரையில் பள்ளிமடம். அங்கே இருக்கிறது காளைநாத சுவாமி கோயில்.

திருச்சுழி என்றதும் சுந்தரர் பாடிய தலம், 1879இல் ரமணர் பிறந்த ஊர் என்று சொல்லிவிடுவோம். பள்ளிமடம் யார் வாயிலும் வருவதில்லை. அது எனக்கு நெடுநாள் வருத்தம். ஏனென்றால் அங்குள்ளது பள்ளிப்படைக் கோயில். அரச குலத்தவர் மறைந்தபின் அவர் நினைவாக இலிங்கம் நிறுவி எடுத்தது. சோழர்கள் முதலாம் ஆதித்தனுக்குக் காளத்திப் பக்கம் தொண்டைமானாற்றூரிலும், அரிஞ்சயனுக்கு மேல்பாடியிலும் இப்படி எடுத்திருக்கிறார்கள். பாண்டிநாட்டில் பள்ளிப்படை அரிது. அந்த அரியதொன்று நம் மாவட்டத்தில் இருக்கிறது. திருச்சுழியல் பள்ளிப்படையான சுந்தரபாண்டிய ஈசுவரம் என்பது கல்வெட்டு தரும் பெயர்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அயல்நாட்டுக் கோயிலைச் சொல்கிறேன். நைல் நதிக்கரையில், பழைய நூபியா நாட்டில், தெண்டூர் என்று ஒரு கோயில் இருந்தது. உரோமப் பேரரசன் அகஸ்டஸ் எகிப்தை ஆண்ட காலத்தில் இசிஸ் தேவிக்கு எடுத்தது. கூடவே பெடேசி, பிஹோர் என்ற அண்ணன் தம்பி இருவரும் அங்கே தெய்வமாக வணங்கப்பட்டார்கள். நூபியத் தலைவன் ஒருவனின் மக்கள் அவர்கள். ஆற்றங்கரை, மறைந்த தலைமகன், அவன் பெயரில் வழிபாடு: நமக்குப் பழகிய கதைதான். அஸ்வான் பேரணையின் நீரில் மூழ்காதிருக்க 1963இல் அதைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். 661 பெட்டிகளில் அமெரிக்கா சென்று, 1978 முதல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் கண்ணாடிச் சுவருக்குள் நிற்கிறது. கல் பிழைத்தது; பெரிய காரியம். விளக்கேற்றுவோர்தான் இல்லை.

நம் முன்னோர் விளக்கைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட்டார்கள்.

பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட வீரபாண்டியனின் கல்வெட்டுகள் பள்ளிமடத்தில் இருக்கின்றன. வட்டெழுத்து. பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் வளைவுகள் எழுந்து நிற்கும். 'சோழன் தலைகொண்ட' என்று அவன் பெயர் தொடங்குகிறது. பின்னாளில் ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று எழுதிக்கொண்டான். தலைக்குத் தலை வாங்கிய காலம் அது. ஆனால் அந்த முதல் தொடரைக் கடந்து கீழே வாசித்தால் வருவது நொந்தா விளக்கும், அதாவது அணையா விளக்கும், ஆடும்!

பாண்டிநாட்டில் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 50 ஆடு விடுவார்கள். சோழநாட்டில் 90, 96 என்று வரும். ஆடுகள் கோயில் கொட்டிலுக்குப் போவதில்லை. இடையர் அவற்றை ஏற்றுக்கொண்டு மேய்ப்பார். பாலும் குட்டியும் அவருக்கு. அதற்கு ஈடாக நாள்தோறும் இன்ன அளவு நெய்யைக் கோயிலில் அளக்க வேண்டும். கிழடு கழிந்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது. அதனால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு. வங்கி இல்லாத காலத்தில் முதல் கெடாமல் வட்டி ஈட்டும் வழியை இவ்வளவு தெளிவாகக் கண்டுபிடித்தவர்களை நினைத்து நான் வியக்காத நாளில்லை. இறந்தவனுடைய நினைவு ஓர் இடையர் குடும்பத்தின் அன்றாடப் பிழைப்போடு சேர்த்து முடிச்சிடப்பட்டது.

சென்ற மாசியில் பள்ளிமடம் போயிருந்தேன். வறண்ட குண்டாற்று மணலில் கிடைக்காரர் ஒருவர் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு போனார். கருசக்காட்டில் கிடை போட்டிருக்கிறாராம். எத்தனை உருப்படி என்று கேட்டேன். "எண்ணிச் சொல்லக்கூடாதுய்யா, ஈத்து நேரம்" என்றார்.

அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்து இந்த அவையில் எவருக்கும் மறக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் மருந்து அறையில் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குக் கோயிலும் இல்லை, கல்லும் இல்லை. இந்த வட்டியில் ஒரு பங்கை அப்படித் தாயையோ தகப்பனையோ இழந்த ஒரு பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்குங்கள். அந்தப் பிள்ளை படித்து முடித்ததும் அதே இடத்துக்கு அடுத்த பிள்ளை வரட்டும். எனக்குத் தருவதாகச் சொன்ன மதிப்பூதியத்தை அதன் முதலில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.